குரல் உடைந்து கேட்கிறதா? பெங்களூரு வீட்டு இன்டர்நெட் போனை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போனில் குரல் உடைந்தால் கை முதலில் ரவுட்டர் சுவிட்சுக்குப் போகும். அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்றால் குண்டூசியை எடுத்து ரீசெட் துளையில் குத்துவார்கள். அணைத்துப் போடுவதில் கெடுதல் இல்லை. குண்டூசியை மட்டும் தொடாதீர்கள். ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்குள்தான் (டெக்னீஷியன்கள் ஓஎன்டி என்பார்கள்) உங்கள் லேண்ட்லைன் நம்பருக்கான கணக்கும் பாஸ்வேர்டும் எழுதப்பட்டிருக்கும். ரீசெட் செய்தால் பல பெட்டிகளில் அது அழிந்துவிடும். ஆபரேட்டர் மறுபடி ஏற்றிக் கொடுக்கும் வரை டயல் டோன் வராது. குரல் உடைகிறது என்று ஆரம்பித்த பிரச்சினை, போனே இல்லை என்று முடியும்.

அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வியோடு ஆரம்பியுங்கள்: சரியாகக் கேட்காதது யாருக்கு?

ஒரு போன் காலில் இரண்டு குரல் ஓட்டங்கள் தனித்தனியாகப் போகின்றன. அவர் பேசுவது உங்கள் டவுன்லோடில் வருகிறது, நீங்கள் பேசுவது உங்கள் அப்லோடில் போகிறது. அவர் குரல் உங்களுக்கு உடைந்தால் கோளாறு அவர் வீட்டிலோ, உங்கள் டவுன்லோடு பக்கமோ. உங்கள் குரல் அவருக்கு உடைந்தால் பெரும்பாலும் உங்கள் அப்லோடு பக்கம். அல்சூரிலிருந்து சேலத்துக்குப் பேசும்போது, "எனக்கு நல்லாத்தானே கேக்குது, உங்க ஊர்லதான் சிக்னல் இல்ல" என்று அம்மாவிடம் சொல்கிறோம். நன்றாகக் கேட்கிறவர் வீட்டில்தான் கோளாறு இருக்கும், பாவம் அம்மாவின் மேல் பழி. இரண்டு வேறு நம்பர்களுக்கு, ஒன்று மொபைல், ஒன்று லேண்ட்லைன், போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் தொல்லை என்றால் அது அவர் பக்கம். இருவருக்குமே என்றால் உங்கள் வீடு.

அடுத்து, உங்கள் போன் எந்த வகை என்று பாருங்கள். பெங்களூருவில் மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, ஓஎன்டியின் பின்னால் இருக்கும் போன் சாக்கெட்டில் நேராகச் செருகியது. இரண்டு, ரவுட்டருக்குப் பக்கத்தில் ஏடிஏ என்ற சின்னப் பெட்டி வைத்து அதில் செருகியது. மூன்று, மொபைலில் ஆப் போட்டு வைஃபை வழியாக லேண்ட்லைன் நம்பரில் பேசுவது. இது தெரியாமல் வேலை செய்தால் நேரம் வீண். முதல் வகையில் குரல் உங்கள் வைஃபையைத் தொடுவதே இல்லை; பெரும்பாலான ஆபரேட்டர்கள் அதை விலான் என்ற தனிப் பாதையில், முன்னுரிமை கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கே வைஃபை சேனல் மாற்றிப் பயனில்லை. போன் கருவி, ஒயர், ஃபைபர், ஆபரேட்டர் இந்த நான்கில் ஒன்றுதான்.

"உங்க குரல் உடைஞ்சு உடைஞ்சு வருது"

அதிகம் வரும் புகார் இதுதான். சரியாகப் பார்த்தால் வீட்டிலேயே தீர்ந்துவிடுவதும் இதுதான்.

பலர் ஸ்பீடு டெஸ்ட் போட்டு 100 எம்பிபிஎஸ் காட்டுகிறதே என்று குழம்புவார்கள். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ஜி.711 என்ற வழக்கமான கோடெக்கில் (குரலை எண்களாக மாற்றும் முறை) ஒரு காலுக்கு ஒரு திசைக்கு வேண்டியது சுமார் 80 கேபிபிஎஸ், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் 20 மில்லி செகண்ட் துண்டுகளாக வெட்டப்பட்டு, செகண்டுக்கு 50 பேக்கெட்டாகப் போகிறது. ஒவ்வொன்றும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நூற்றில் ஒன்று தொலைந்தால் இரண்டு செகண்டுக்கு ஒரு துண்டு இல்லை. தனித்தனியாகத் தொலைந்தால் கருவி இட்டு நிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது. நான்கைந்து சேர்ந்தாற்போல் போனால் ஒரு எழுத்தே காணாமல் போகும்: "நாளைக்கு வரேன்" என்பது "நா...கு ...ரேன்" என்று கேட்கும். தாமதமாக வருவதும் தொலைந்ததற்குச் சமம்தான். ஜிட்டர் (பேக்கெட் வரும் நேரம் முன்பின்னாக ஆடுவது) 30 மில்லி செகண்டுக்குள், இழப்பு ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் குரல் நன்றாக இருக்கும்.

அளந்து பார்க்க லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் பிங் கட்டளையோடு (ஒரு முகவரியிலிருந்து பதில் வரும் நேரத்தை அளப்பது) ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கழித்தல் குறியும் டி என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடும், கண்ட்ரோல்-சி நிறுத்தும். இன்னொரு ஜன்னலில் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும் அதேபோல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ரவுட்டருக்கு 1 மில்லி செகண்ட் அளவிலும், 8.8.8.8-க்கு 30-க்குள்ளும் வந்தால் சும்மா இருக்கும்போது இணைப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள்.

இப்போது சுமையை ஏற்றுங்கள். மொபைலிலிருந்து ஒரு ஜிபி அளவுள்ள வீடியோவை டிரைவில் ஏற்றிக்கொண்டே 8.8.8.8 ஜன்னலின் எண்களைப் பாருங்கள். 12, 11, 13 என்று ஓடிக்கொண்டிருந்தது 180, 260, 340 என்று ஏறினால் கோளாறு கையில் கிடைத்துவிட்டது. அப்லோடு வரிசை நிரம்பி, குரல் பேக்கெட் அந்த வீடியோவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது. வாசலில் தண்ணீர் லாரி நிற்கும்போது பின்னால் வந்த ஸ்கூட்டர் நிற்பதைப் போல. கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்த இரவு எல்லா மொபைலும் போட்டோக்களை ஏற்றும்போதும், கிளவுடில் பதிவாகும் சிசிடிவி கேமரா ஓடும்போதும், ஆபீஸ் லேப்டாப் பேக்கப் எடுக்கும்போதும் குரல் உடைவது இதனால்தான்.

தீர்வு ரவுட்டர் அமைப்புகளின் கியூஓஎஸ் (எதற்கு முதல் இடம் என்று சொல்லும் வசதி) பக்கத்தில். அங்கே அப்லோடு வேகத்தை நீங்கள் அளந்ததில் 85 முதல் 90 சதவீதமாகக் குறியுங்கள். 40 எம்பிபிஎஸ் வந்தால் 35 போடலாம். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை உங்கள் ரவுட்டரிலேயே நிற்கும், அங்கே குரலுக்கு முன்னால் இடம் கொடுக்க முடியும். ஏடிஏவின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) உச்ச முன்னுரிமை கொடுங்கள். வேகத்தைக் குறிக்காமல் முன்னுரிமை மட்டும் டிக் செய்துவிட்டு "போட்டேன், ஒண்ணும் ஆகல" என்பவர்கள் நிறைய. எண் போடாவிட்டால் அது வேலையே செய்யாது. உங்கள் ரவுட்டரில் கியூஓஎஸ் இல்லை என்றால் கேமராவின் அப்லோடு தரத்தைக் குறையுங்கள், போட்டோ பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள்.

சுமை இல்லாதபோதே எண்கள் எகிறினால் வைஃபையா, வெளி இணைப்பா என்று பிரிக்க வேண்டும். கேபிளில் சுத்தமாக இருந்து வைஃபையில் மட்டும் துள்ளினால் வைஃபை. ஒரே மாடியில் எட்டு ஃபிளாட் இருக்கும் கட்டடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது சந்தைக்கடை. ஆப்பில் பேசும் மொபைலை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பேசும் இடத்தில் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் குறையக் கூடாது (மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் குறைவு). வைஃபை அனலைசர் ஆப் காட்டும். 2.4-தான் வேண்டும் என்றால் சேனல் 1, 6, 11 இவற்றில் கூட்டம் குறைந்ததை எடுத்து அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 3 அல்லது 4 போட்டால் இரண்டு பக்கத்தாரோடும் மோதும். நடந்துகொண்டே பேசும்போது மட்டும் ஹாலைத் தாண்டியதும் இரண்டு செகண்ட் காணாமல் போனால், மொபைல் ஒரு ரவுட்டரை விட்டு மற்றதைப் பிடிக்கும் இடைவெளி அது. அந்த நேரம் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் மருந்து.

கேபிளிலும் துள்ளினால் ஃபைபரைப் பாருங்கள். ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் வெளிச்சம் வரவில்லை, நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. எல்ஓஎஸ் எரியாமல், பான் (PON) விளக்கு பச்சையாக இருந்தும் தொல்லை என்றால் பிரவுசரில் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஆப்டிகல் விவரத்தில் பெறும் அளவைப் படியுங்கள். வீடுகளில் இருக்கும் ஜிபான் வகை ஃபைபர் பெட்டிகளுக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை எல்லை. மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 26-ல் தொங்கினால் மழை, வெயில், காற்று எது வந்தாலும் உதறும். நம் ஊரில் ஃபைபர் மரத்துக்கு மரம் தாவித்தான் வருகிறது. ஏப்ரல், மே மாத மழையில் கிளை முறிந்து இழுபட்டாலும், ஷாஃப்டில் எலி கடித்தாலும் வெளிச்சம் முழுதாகப் போகாமல் பாதியாகக் குறையும். இந்த எண்ணை எழுதி வையுங்கள், புகார் கொடுக்கும்போது தேவைப்படும்.

வீட்டுக்குள் நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. மஞ்சள் அல்லது வெள்ளை ஃபைபர் வயரை டிவி அலமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடித்துச் சொருகியிருப்பார்கள். அதை எடுத்து, ஒரு டம்ளர் வாயளவு வட்டமாகவாவது சுற்றி வையுங்கள். பச்சை நுனியைப் பிடுங்கி ஊதாதீர்கள், விரலால் துடைக்காதீர்கள். அதன் நடுவில் வெளிச்சம் வரும் கண்ணாடி இழை தலைமுடியை விட மெல்லியது. ஒரு விரல்ரேகை போதும், அளவு இறங்கிவிடும். நுனிக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதும் கூடாது. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும் உடைகிறது, காலையில் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றால் ஆபரேட்டர் பக்கம் நெரிசல். காலை ஏழு மணி பிங், இரவு ஒன்பது மணி பிங் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். டிரேஸ்ரூட் (பேக்கெட் போகும் வழியை வரி வரியாகக் காட்டும் கட்டளை) போட்டால் நடுவில் ஏதோ ஒரு வரியில் இழப்பு காட்டும், உடனே பாய வேண்டாம். நடுவழி ரவுட்டர்கள் பதில் சொல்வதை வேண்டுமென்றே குறைத்துக்கொள்ளும். அந்த வரியிலிருந்து கடைசி வரி வரை இழப்பு தொடர்ந்தால்தான் அது நிஜம்.

"நான் பேசுறது கேக்குதா? ஹலோ? ஹலோ?"

மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், ஒரு பக்கம் மட்டும் மௌனம். ஏடிஏ, ஆப் வகைகளில் வரும் நோய் இது. போன் காலை இணைக்கும் செய்தி போவது ஒரு வழி, குரல் போவது வேறு வழி. கால் போடும்போது உங்கள் கருவி "குரலை இந்த விலாசத்துக்கு அனுப்பு" என்று கடிதத்துக்குள் எழுதுகிறது. அங்கே 192.168 என்று வீட்டுக்குள் மட்டும் செல்லும் விலாசம் எழுதப்பட்டிருந்தால் எதிர்ப்பக்கம் குரலை எங்கே அனுப்பும்?

ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி (சிப் என்பது இன்டர்நெட் போன் காலை இணைக்கும் நெறிமுறை) என்ற வசதி இந்த விலாசத்தைத் திருத்துவதற்காக வைக்கப்பட்டது. நடைமுறையில் அரைகுறையாகத் திருத்திக் கெடுப்பதே அதிகம். அதை அணையுங்கள். ரவுட்டர், ஏடிஏ இரண்டையும் அணைத்து, ரவுட்டரை முதலில் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து ஏடிஏவைப் போடுங்கள். இந்த ஒன்றிலேயே பல வீடுகளில் தீரும்.

தீராவிட்டால் இரட்டை நாட் (வீட்டு விலாசத்தை வெளி விலாசமாக மாற்றும் கதவு இரண்டு இடத்தில்) இருக்கிறதா பாருங்கள். ஆபரேட்டர் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டரையும் வைத்திருப்பீர்கள். உங்கள் ரவுட்டரின் வேன் முகவரி (வெளிப்பக்க முகவரி) 192.168 என்று ஆரம்பித்தால் இரண்டு கதவு. உங்கள் ரவுட்டரை, வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றுவதுதான் பாதுகாப்பான வழி. ஓஎன்டியை பிரிட்ஜ் (இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலை) ஆக்கச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யும்போது வேன் பட்டியலில் குரலுக்கென்று இருக்கும் வரியை அழித்துவிட வேண்டாம், ஓஎன்டி சாக்கெட்டில் போன் வைத்திருந்தால் அதோடு போச்சு. வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால் ஆபரேட்டரே ஒரு கதவு வைத்திருக்கிறார். அப்போது ஏடிஏவில் ஸ்டன் (தன் வெளி விலாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது), கீப்-அலைவ் (கதவு சாத்தாமல் இருக்க அவ்வப்போது தட்டுவது) இரண்டையும் போடுங்கள், கீப்-அலைவ் 20 முதல் 30 செகண்ட்.

"எடுத்து அரை நிமிஷத்துல கட் ஆயிடுது"

கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 32 செகண்ட் என்றால் அது நெட் வேகக் கோளாறு இல்லை. எதிர்ப்பக்கம் எடுத்ததும் "சரி, கிடைத்தது" என்று ஒரு ஒப்புதல் திரும்பிப் போக வேண்டும். அது போய்ச் சேராவிட்டால் 32 செகண்ட் வரை காத்திருந்து போன் காலை அறுப்பது சிப் நெறிமுறையிலேயே இருக்கும் கணக்கு. மேலே சொன்ன ஏஎல்ஜி, இரட்டை நாட் வைத்தியம்தான் இதற்கும். சரியாக 15 அல்லது 30 நிமிடத்தில் அறுந்தால், நடுவில் போன் காலைப் புதுப்பிக்கும் செய்தி எங்கோ மாட்டுகிறது. ஏடிஏவின் செஷன் டைமரை அணைத்துப் பாருங்கள். இப்படி ஒரே நேரத்தில் அறுவது அமைப்புக் கோளாறு. கண்ட நேரத்தில் அறுவது இணைப்புக் கோளாறு.

"கொரகொரன்னு, இல்லன்னா உம்முன்னு சத்தம்"

டிஜிட்டலாகப் போகும் குரலில் கொரகொரப்பு வராது, உடைவுதான் வரும். ஆகவே இந்தச் சத்தம் ஓஎன்டி அல்லது ஏடிஏவுக்கும் உங்கள் காதுக்கும் நடுவில் இருக்கும் ஒயரில்தான் பிறக்கிறது, அல்லது எதிர்ப்பக்க வீட்டில். அடாப்டர் தேவைப்படாத சாதாரண ஒயர் போன் ஒன்றைக் கொண்டுவந்து புது ஒயரில் நேராகச் சாக்கெட்டில் செருகுங்கள். சத்தம் போய்விட்டால் பழைய போனோ ஒயரோ குற்றவாளி.

மல்லேஸ்வரம், ஜெயநகர், விவேக் நகர் பக்கத்துப் பழைய வீடுகளில் காப்பர் காலத்து ஒயரிங்கிலேயே புது ஃபைபர் போனையும் ஓட்டியிருப்பார்கள். சுவரில் இருக்கும் ரோசெட் டப்பாவைத் திறந்தால் திருகுகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். மழைக்கு மறுநாள் கொரகொரப்பு அதிகமாவது அதனால்தான். ஒயர் நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, புதுத் திருகில் மாட்டுங்கள். தெருவிலிருந்து வரும் பழைய ஜோடி ஒயரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அதில் மின்னழுத்தம் இருந்தால் உங்கள் பெட்டியின் போன் போர்ட்டே போய்விடும்.

ஒரே சீராக உம்மென்று கேட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஏறுகிறது. போன் ஒயர் மின்ஒயரோடு ஒரே குழாயில் போகிறதா, சுருட்டி வைத்த மிச்ச ஒயர் அடாப்டர்கள் மேல் கிடக்கிறதா பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் அதன் பேஸை ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

"என் குரலே எனக்குத் திரும்பக் கேக்குது"

எதிரொலி கேட்பவர் வீட்டில் அல்ல, எதிர்ப்பக்கம் பிறக்கிறது. அவர் ஸ்பீக்கரில் போட்டிருப்பார், அணைக்கச் சொல்லுங்கள். யாருக்குப் போட்டாலும் அவர்களெல்லாம் "என் குரல் எனக்கே கேக்குது" என்று சொன்னால் உங்கள் பக்கம்: ரிசீவர் வால்யூமைக் குறையுங்கள், ஏடிஏவில் வெளியே வரும் ஒலியளவை 3 டெசிபெல் இறக்குங்கள், போதாவிட்டால் இன்னும் 3.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிடுறோம்"

ஒரு வழித் தாமதம் 150 மில்லி செகண்டைத் தாண்டினால் பேச்சு மோத ஆரம்பிக்கும். முதலில் விபிஎன் (இணைப்பை வேறு ஊர் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புவது). மொபைலிலோ ரவுட்டரிலோ அது ஓடிக்கொண்டிருந்தால், மைசூருக்குப் பேசும் குரல் அமெரிக்கா வரைகூடப் போய்த் திரும்பலாம். அணைத்துவிட்டுப் பேசுங்கள். அடுத்து, உடைவைக் குறைக்க யாராவது ஏடிஏவின் ஜிட்டர் பஃபரை (தாமதமான பேக்கெட்டுக்காகக் காத்திருக்கும் நேரம்) ஏற்றி வைத்திருப்பார்கள். தானாக மாறும் நிலைக்குத் திருப்புங்கள்.

"பேங்க் நம்பர்ல ஒண்ணு அமுக்கினா எடுத்துக்கல"

குரலைச் சுருக்கும் கோடெக்கில் பட்டன் ஒலி சிதைந்துவிடும். ஏடிஏவில் டிடிஎம்எஃப் (பட்டன் ஒலி) முறையை ஆர்எஃப்சி 2833-க்கு மாற்றுங்கள், கோடெக் வரிசையில் ஜி.711-ஐ முதலில் வையுங்கள். ஓஎன்டி போன் என்றால், போன் அடியில் பல்ஸ், டோன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது டோனில் இருக்க வேண்டும். மொபைலுக்குப் போட்டால் போகவே இல்லை என்றால் முன்னால் 0 சேருங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அது கட்டாயம்.

"மணி அடிச்சதும் பெட்டியே அணைஞ்சு எரியுது"

விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காரணம் எளிது. மணியை அடிக்க அந்தச் சின்னப் பெட்டி 40 வோல்ட்டுக்கு மேல் உருவாக்க வேண்டும். அடாப்டர் வயதாகித் தளர்ந்திருந்தால் அந்த இழுப்பைத் தாங்காமல் பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். பெட்டியின் அடியில் அச்சடித்த வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து அதே அளவில் புது அடாப்டர் போடுங்கள். வோல்ட் மாறக் கூடாது, ஆம்பியர் கூடலாம். ஒரே ஒயரில் மூன்று நான்கு போன் தொங்கினாலும் மணி ஈனமாக அடிக்கும், இரண்டோடு நிறுத்துங்கள்.

வெளியே பேச முடிகிறது, உள்ளே வரும் கால் மட்டும் மணி அடிப்பதில்லை என்றால் ரவுட்டர் கதவைச் சாத்திவிட்டது. கீப்-அலைவ் மேலே சொன்னதுபோல். ஏடிஏவில் பதிவு புதுப்பிக்கும் நேரம் 3600 செகண்டாக இருந்தால் 300-க்கு இறக்குங்கள்.

"கரண்ட் போனா போனும் போயிடுது"

பழைய காப்பர் லைன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் ஓடியது. ஃபைபர் போனுக்கு உங்கள் வீட்டு மின்சாரம்தான். பெஸ்காம் கரண்ட் போன நேரத்திலும் பேச 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று ஓஎன்டிக்கு வேண்டும். ரவுட்டர் தனியாக இருந்தால் அதற்கும், ஏடிஏ இருந்தால் அதற்கும், அந்தந்தப் பெட்டியில் அச்சடித்த வோல்ட்டில். கார்ட்லெஸ் பேஸை மறந்துவிடுவார்கள், அதுவும் கரண்டில்தான் ஓடுகிறது. ஒயர் போன் ஒன்று கையில் இருக்கட்டும். உங்கள் ஃபிளாட்டுக்கு ஃபைபர் வராமல் நீல நிற லேன் கேபிள் வந்தால், கட்டடத்தின் அடித்தளத்தில் ஆபரேட்டரின் சுவிட்ச் இருக்கிறது. அதற்கு பேக்கப் இல்லாவிட்டால் உங்கள் யூபிஎஸ் என்ன செய்தும் பயனில்லை. அசோசியேஷனிடம் சொல்லி ஜெனரேட்டர் லைனில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், 112-க்குப் போட சார்ஜ் ஏறிய மொபைல் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை எந்த யூபிஎஸ்ஸும் ஈடுகட்டாது.

புகார் கொடுக்கும்போது

"வாய்ஸ் சரியில்ல" என்று சொன்னால் "ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பதே பதிலாக வரும். இப்படிச் சொல்லுங்கள்: "கேபிளில் இணைத்துப் பார்த்தேன். ரவுட்டருக்கு இழப்பு இல்லை. வெளியே இரவு ஒன்பதுக்கு நூற்றுக்கு நாலு இழப்பு, காலையில் இல்லை. ஆப்டிகல் அளவு மைனஸ் 26. என் குரல்தான் எதிர்ப்பக்கம் உடைகிறது." எந்த நம்பருக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பேசிய கால் என்று இரண்டு மூன்று உதாரணம் கொடுங்கள், அவர்கள் பக்கப் பதிவில் தேடிப் பார்க்க அது வேண்டும். டாக்கெட் நம்பரை (புகார் எண்) வாங்காமல் போனை வைக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ம் ஆண்டு விதிகளின்படி, தீர்வு திருப்தி தராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், கட்டணம் கிடையாது. அங்கே கேட்கும் முதல் விவரமே அந்த டாக்கெட் நம்பர்தான்.